எல்லை வேலியும் அயலவர் உறவும்



விக்கினந் தீர்க்கும் விநாயகப் பெருமானைச் சிந்தித்து, இம்மகோற்சவத்திலே கொடியேறி எழுந்தருளியிருக்கும் எம்பெருமானின் திருவடிகளை வணங்கி, இன்றைய பிரசங்கத்தைத் தொடங்குகின்றேன்.

நாயன்மார் வரலாறும் சித்தாந்த உண்மையும் கேட்கலாம் என்று வந்திருக்கின்ற உங்களுக்கு, இன்று நான் வேலியைப் பற்றிப் பேசப் போகின்றேன். வேலிச் சண்டை வழக்காடு மன்றத்துக்கு உரியது, கோயில் மண்டபத்திலே அதற்கு என்ன வேலை என்று சிலர் நினைத்தல் கூடும். ஆயின் யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவரின் ஒழுக்கத்தை அறிய விரும்பினால், அவர் பூசிய திருநீற்றையும் அணிந்த உருத்திராக்கத்தையும் பார்த்தது போதாது. அவருடைய வீட்டு எல்லை வேலியையும் ஒருமுறை பார்த்து வருதல் வேண்டும். காலையிலே கோயில் வீதியை மூன்று முறை வலம் வந்தவர், மாலையிலே அயலவருடைய காணிக்குள் ஒரு சாண் தள்ளிக் கதியால் நாட்டுவாராயின், அவருடைய பிரதட்சிணம் எங்கே முடிந்தது என்று நாம் கேட்க வேண்டியிருக்கின்றது.

கொடியேற்றத்துக்கு முன்னே சிவாசாரியர்கள் கிராம சாந்தியும் வாஸ்து சாந்தியும் செய்ததை நீங்கள் அறிவீர்கள். விழா இனிது நடைபெறும் பொருட்டு, முதலில் ஊரின் நிலத்தையும் அதன் எல்லையையும் காக்கின்ற தெய்வங்கள் வழிபடப்படுகின்றன. கோயிலைக் காவல் செய்யும் வைரவப் பெருமானுக்குச் சேத்திரபாலர் என்பது ஒரு திருநாமம். சேத்திரம் என்ற சொல்லுக்கு வயல் என்பதும் பொருள். திருத்தலம் என்பதும் பொருள். உயிர் குடியிருக்கும் உடம்பு என்பதும் பொருள். பாலர் என்றால் காப்பவர். ஆகவே, நிலத்தின் எல்லையைக் காக்கின்றவரும், நம்முடைய உள்ளத்தின் எல்லையைக் காக்கின்றவரும் ஒருவரே என்பது அத்திருநாமத்தினாலே பெறப்படும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லையிலே இரவில் கதியாலைப் பிடுங்கி நாட்டுதல், அவரை இல்லை என்று சொல்லுதற்கு ஒப்பாகும்.

வேலி என்பது நம்மவருக்கு எத்தகையது என்று சிறிது எண்ணிப் பாருங்கள். பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலிய மரங்களின் கதியால்களை வரிசையாக நாட்டி, குறுக்கே வரிச்சுக் கட்டி, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பது நம் ஊர் வழக்கம். கதியால் உயிருள்ளது. அது வேரோடும்; தளிர்க்கும்; ஆட்டுக்குக் குழை தரும்; தோட்டத்துக்குப் பசளை தரும். ஆனால் உயிருள்ளதனாலேயே அது பருக்கின்றது, சாய்கின்றது, பட்டும் போகின்றது. பட்ட கதியாலுக்குப் பதிலாக வேறொன்று நாட்டும்போது நான்கு விரற்கடை அப்பால் நாட்டிவிடுதல் எளிது. கிடுகு உக்கிப் போகப் போக வேலியை மீண்டும் மீண்டும் அடைக்க வேண்டும். ஒவ்வோர் அடைப்பிலும் நான்கு விரற்கடை நகர்ந்தால், பேரன் காலத்திலே வேலி எங்கே நிற்கும்? இவ்வாறு ஓசையின்றி நடக்கின்ற களவு நம் ஊர்களிலே புதியதன்று.

சண்டைக்குக் காரணமான நிலம் எவ்வளவு என்றும் கணக்கிடுவோம். நூறு அடி நீளமான வேலி ஒன்று ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி, தள்ளிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது சதுர அடி நிலம் போயிற்று. நம்முடைய கணக்கிலே பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. ஆகவே ஒரு குழி நூற்றைம்பத்தொரு சதுர அடியும் கொஞ்சமும் ஆகும். இவ்வளவு பகையும் அந்த ஒரு குழியின் பொருட்டு! அதற்காக அண்ணன் தம்பி பேச்சில்லை. ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போவதில்லை. செத்த வீட்டிலும் படலை வரை வந்து திரும்புவார் உண்டு. வழக்கோ தந்தை காலத்திலே தொடங்கி மகன் காலத்திலும் முடியாது நடக்கும். அதற்குச் செலவாகும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், அப்பணத்துக்கு வேறோரிடத்தில் அந்தக் குழியைப் போலப் பல குழிகள் வாங்கியிருக்கலாம்.

அப்படியாயின் மனிதர் நிலத்துக்காகவா சண்டை செய்கின்றார்கள்? சித்தாந்த சாத்திரம் இதற்கு விடை வைத்திருக்கின்றது. உயிரை அநாதியே பற்றியிருப்பது ஆணவ மலம். அதன் மறைப்பிலே கிடக்கும் உயிர், உடம்பை நான் என்கின்றது. உடம்புக்கு வெளியே உள்ளவற்றை என்னுடையவை என்கின்றது. முன்னதை அகங்காரம் என்றும் பின்னதை மமகாரம் என்றும் பெரியோர் கூறுவர். வேலி நிற்பது மண்ணிலே. அது குத்துவது மமகாரத்திலே. ஆகையினாலேதான் ஒரு குழியை இழந்தவன் தன் உடம்பிலே ஓர் உறுப்பை இழந்தவன் போலத் துடிக்கின்றான். அதனைக் கவர்ந்தவனும் ஓர் இராச்சியத்தை வென்றவன் போல மகிழ்கின்றான். இருவரையும் பிடித்திருக்கும் நோய் ஒன்றே.

இனி, இந்நோய்க்கு மருந்தாக இரண்டு புராண வரலாறுகளை நினைவூட்டுகின்றேன். சேக்கிழார் சுவாமிகள் அருளிய திருத்தொண்டர் புராணத்திலே, சபையேறித் தீர்ந்த வழக்குகள் உண்டு. அவற்றுள் முதலாவது தடுத்தாட்கொண்ட புராணம்.

நம்பியாரூரருக்குத் திருமணம் நடக்கின்ற வேளையிலே ஒரு முதிய வேதியர் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்றார். நம்பியாரூரர் சினந்து, அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். அண்டசராசரங்களையும் உடைமையாகக் கொண்ட இறைவன் அப்போது என்ன செய்தான்? பலவந்தம் செய்தானா? இல்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வாரும் என்று அழைத்துப் போனான். கிழிபட்டது படியோலை, மூல ஓலை இதோ என்று சபையார் முன் வைத்தான். சபையார் அதனை வாசித்தார்கள். வாசித்ததோடு விட்டார்களா? பாட்டனாருடைய கையெழுத்து உள்ள வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் ஒப்பு நோக்கி, அதன் பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் உரிமையாளனாகிய இறைவனே தன் உரிமையை ஆவணத்தினாலும் சபையினாலும் நாட்டினான் என்றால், நாலு பரப்புக் காணிக்காரராகிய நாம் கத்தியோடும் அலவாங்கோடும் வேலிக்குப் போவது எந்த நியாயத்தின்படி? தன் கருத்துக்கு மாறாகத் தீர்ப்பு வந்தபோது நம்பியாரூரர் அதற்குக் கட்டுப்பட்டார் என்பதையும் மறவாதீர்கள். அவர் அவ்வாறு கட்டுப்பட்டதனால் அன்றோ நமக்குத் திருப்பாட்டுக்கள் கிடைத்தன!

இரண்டாவது, திருநீலகண்டக் குயவ நாயனார் புராணம். தில்லையிலே கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தும், திருநீலகண்டத்தின் மீது இட்ட ஆணையினாலே ஒருவரையொருவர் தீண்டாது, அயலாருக்கும் அது தெரியாது, முதுமை வரை வாழ்ந்தார்கள். சிவயோகியாக வந்த பெருமான் திருவோடு ஒன்றை அடைக்கலமாகக் கொடுத்து, அதனை மறைத்து, பின்னர் வந்து வழக்காடினான். மனைவியின் கையைப் பற்றிக் குளத்திலே முழுகிச் சத்தியம் செய் என்றான். கையைப் பற்ற ஆணை இடங்கொடாது. முழுகாதிருக்கச் சபை இடங்கொடாது. நாயனார் என்ன செய்தார்? மூங்கில் தண்டு ஒன்றின் ஒரு முனையைத் தாமும் மறுமுனையை மனைவியாரும் பற்றிக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். கையைப் பற்று என்று மீண்டும் வற்புறுத்தப்பட்டபோது, அதுகாறும் மறைத்து வைத்த உண்மையை எல்லோரும் கேட்கச் சொல்லி முழுகினார்கள், இளமையோடு எழுந்தார்கள்.

அந்த மூங்கில் தண்டைச் சிந்தியுங்கள். இருவரையும் பிரித்து நிறுத்தியது அது. இருவரையும் இணைத்துக் குளத்துக்குள் இறக்கியதும் அதுவே. ஒரு முனையை ஒருவர் விட்டிருந்தால் அது வெறுங் கழி. எல்லை வேலியும் அத்தகைய ஒரு கோல் என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. அதன் ஒரு பக்கம் உங்கள் கையிலும் மறு பக்கம் அயலவர் கையிலும் இருக்கின்றது. ஒருவர் மாத்திரம் நாட்டிய வேலி நிலைப்பதில்லை. இருவரும் பற்றி நாட்டிய வேலிதான் நிற்கும். அவ்வாறு நாட்டுவதற்கு முன், மறைத்ததைச் சொல்லுகின்ற உண்மையும் வேண்டும்.

இதற்கு நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். வலிகாமத்திலே ஒரு கிராமம், பெயர் வேண்டா. ஒரு பேத்தியாருடைய சீதனக் காணி இரண்டாகப் பிரிந்து, பெரியம்மா மகன், சின்னம்மா மகன் ஆகிய இருவருக்கு வந்தது. நடுவிலே பங்குக் கிணறு. 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக அவ்வூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, பற்றை வளர்ந்து ஊர் காடாகிக் கிடந்தது. கிணறு தூர்ந்து போயிற்று. உறுதிகளிலே எல்லை என்று எழுதப்பட்டிருந்தவை, இறந்து போனவர்களின் பெயர்களும், தறிக்கப்பட்டுப் போன பனைகளுமே. இளையவர் முந்தி வந்தவர். தாம் நினைத்த இடத்திலே மதிலுக்கு அத்திவாரம் இட்டார். மூத்தவர் வந்து பார்த்து, இது என் நிலம் என்றார். அகதி முகாமிலே ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்த இரு குடும்பங்கள், சொந்த மண்ணுக்கு வந்த பின் முகம் பாராதிருந்தன.

பெரியவர்கள் சிலர் தலையிட்டார்கள். முதலில் இருவருடைய உறுதிகளையும் ஒரே பாயிலே விரித்து வாசிக்கச் செய்தார்கள். தூர்ந்த கிணற்றை இரு வீட்டாரும் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்கச் சொன்னார்கள். உறுதிகளிலே கிணறு சொல்லப்பட்டிருந்தபடியால் அது ஓர் அடையாளமாகும். பின்பு அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரை, கூலியை இருவரும் பாதி பாதியாகக் கொடுப்பதென்று அழைத்தார்கள். ஒருவர் மாத்திரம் கூலி கொடுத்தால், அளவு நேராக இருந்தாலும் மற்றவர் மனம் அதனை நேர் என்று கொள்ளாது. அளந்த இடத்திலே மண்ணைக் கிளறியபோது பழைய எல்லைப் பனையின் அடிக்கட்டை வெளிப்பட்டது. அத்திவாரம் மூத்தவருடைய நிலத்துக்குள்ளே ஏறக்குறைய அரைக் குழி புகுந்திருந்தது.

இளையவர் தலைகுனிந்து நின்றார். மூத்தவர் சொன்னார்: "தம்பி, அத்திவாரத்தை உடைக்க வேண்டாம். பிழை என்று தெரிந்துவிட்டது; அது போதும். எனக்குப் பின் கோடியிலே அந்த அளவு நிலத்தைத் தந்துவிடு." இளையவர், "அண்ணை, இரண்டு மடங்காகத் தருகிறேன்" என்றார். "வேண்டாம், என்னுடையது எவ்வளவோ அவ்வளவு போதும்" என்று மூத்தவர் மறுத்துவிட்டார். அதனை வாய்ச்சொல்லாக விடவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உரிமையை மாற்றுவதற்குப் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும். அவ்வாறே மாற்றுறுதி முடித்தார்கள். மதில் எழும்பிற்று. ஆயினும் கிணற்றடியிலே வேலிப்பொட்டுப் போல ஒரு சிறு வழி விடப்பட்டது. பெண்கள் இருவரும் அதனூடே போய் வருகின்றார்கள்.

இந்த நிகழ்ச்சியிலே நீங்கள் கவனிக்க வேண்டியது வரிசை. முதலிலே உண்மை, பின்னரே தியாகம். அளப்பதற்கு முன்பே விட்டுக்கொடு என்று சொல்லியிருந்தால், கவர்ந்தவருக்குத் தம் பிழை தெரியாது; விட்டவருக்கு மனப்புண் ஆறாது. விட்டுக்கொடு என்ற உபதேசத்தை நாம் பெரும்பாலும் யாருக்குச் சொல்லுகின்றோம் என்றும் எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த பெண்ணுக்கும், ஆண்துணை இல்லாத வீட்டுக்கும், ஏழைக்குமே சொல்லுகின்றோம். அது தருமம் அன்று. வலியவனுக்குத் துணை போதல். தமக்குரியதை ஒருவர் தாமே மனமுவந்து விடலாம். பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் உரிய பங்கை அவர்கள் சம்மதமின்றி விடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நம் கிராமங்களிலே சில காணிகளின் சொந்தக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கின்றார்கள். சிலர் இவ்வுலகிலேயே இல்லை. கேட்பார் இல்லாத காணியின் வேலியே விரைவாக நகர்கின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலே, பத்தாண்டு இடையீடின்றித் தனக்கே உரியதாக ஆண்டவருக்கு உரிமை பிறக்கும் என்ற விதி உண்டு. போரினாலே தம் காணிக்கு வர இயலாதிருந்தவர்கள் அவ்விதியால் இழந்துபோகாதபடி, 2016ஆம் ஆண்டிலே 5ஆம் இலக்கத் தனிச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. சட்டம் ஆண்டுகளை எண்ணலாம். சித்திரபுத்திரனார் கணக்கிலே பத்தாண்டு கழிந்தால் களவு உரிமையாகும் என்ற விதி இல்லை. அயலவர் இல்லாத காலத்திலே அவருடைய எல்லையைக் காத்து வைத்திருப்பவனே அயலவன். திருவோட்டை அடைக்கலமாக ஏற்றார் நாயனார். போனவர்களின் காணி நமக்கு அடைக்கலப் பொருள்.

நம் முன்னோர் இத்தகைய பிணக்குகளை அறியாதவர்கள் அல்லர். ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1706, 1707ஆம் ஆண்டுகளில் தேசவழமை தொகுத்து எழுதப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களாலே பார்வையிடப்பட்டது. காணி, தோட்டம், மரம் பற்றிய வழக்கங்களும் அதிலே இடம்பெற்றன. பிற்காலத்திலே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இணக்க சபைகள் இருந்தன. அவை நின்ற பின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் தோன்றின. மத்தியஸ்தர் மூவர் இருந்து இரு பக்கமும் கேட்பார்கள். அங்கே தீர்ப்பு விதிக்கப்படுவதில்லை. இருவரும் இணங்கினால் இணக்கம் எழுதப்படும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் ஒரு சாயலை அங்கே காணலாம். அங்கும் தீராதாயின் நீதிமன்றத்திலே எல்லையை வரையறுக்கும் வழக்கு இருக்கின்றது. நீதிமன்றம் போவது பாவம் அன்று. பொய்யுறுதியோடும் பொய்ச்சாட்சியோடும் போவதே பாவம்.

ஆகவே, மெய்யன்பர்களே, உங்களுள் யாருக்கேனும் எல்லையிலே மனக்கசப்பு இருந்தால், இத்திருவிழா முடியுமுன் இவ்வாறு செய்யுங்கள். முதலில் உங்கள் உறுதியை எடுத்து, உங்களுக்கு எதிரான வரியையும் சேர்த்து வாசியுங்கள். பின்பு அயலவருடைய படலைக்குப் பகலிலே போய், பெயர் சொல்லி அன்று, முறை சொல்லிக் கூப்பிடுங்கள். உறவு முறை நாவில் வந்தால் கோபம் பாதி இறங்கும். நீங்கள் அளந்த அளவையும் அவர் அளந்த அளவையும் ஒருபுறம் வைத்து, இருவரும் கூலி கொடுத்து ஒருவரை அளப்பியுங்கள். அளந்தபின் கயிறு கட்டும்போது ஒரு முனையை நீங்களும் மறுமுனையை அவரும் பிடியுங்கள். முதற் கதியாலை இருவருமாக நாட்டுங்கள். அயலவர் இணங்காது போனாலும், மூன்று பேர் இருக்கும் சபைக்குப் போங்கள்; இருட்டிலே வேலிக்குப் போகாதீர்கள்.

நாளைக்குத் தேர். எம்பெருமான் வெளி வீதி வரும்போது, தெருவிலே வேலிக்கு இப்பால் ஒரு நிறைகுடமும் அப்பால் ஒரு நிறைகுடமும் இருக்கும். இரண்டு வாசலிலும் அவர் நிற்பார். இருவர் அருச்சனையையும் ஏற்பார். தேர் வடத்தை இழுக்கின்றபோது உங்களுக்கு முன்னே நிற்பவர் நீங்கள் முகம் பாராத அயலவராகவும் இருக்கலாம். ஒரே வடத்தைப் பற்றி இழுக்கின்ற கைகள், ஒரே கோலைப் பற்றி எல்லை நாட்டவும் கூடும். அதற்கு வேண்டிய மனத்தைத் தந்தருளுமாறு, சேத்திரபாலராய் நின்று நம் எல்லைகளைக் காக்கும் பெருமானை வேண்டி, இந்த அளவில் அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.